வீடியோ கைது

“நாற்காலியை விட்டு எழுந்தா உள்ள தள்ளிடுவேன்! கேமராவைப் பார்த்துப் பேசு!”

தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்திருந்த போனுக்குள்ளிருந்து காக்கிச் சட்டைக்காரன் உறுமினான். எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தாள் தையல்கார அம்மாள். கண் சிமிட்டக்கூட மறந்திருந்தாள்.

ஜன்னல் வழியே பார்த்த பெண் எஸ்.ஐ.க்கு ரத்தம் கொதித்தது. ‘தையல்கார அம்மா ஒருத்தங்க டெபாசிட் மொத்தத்தையும் யாரோ ஒருத்தன் கணக்குக்கு மாத்தச் சொல்றாங்க மேடம். காரணம் கேட்டா அழறாங்க’ என்று பேங்க் மேனேஜர் பதறியது சரிதான். போன வாரம் இதே மாதிரி மிரட்டலில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பெரியவர் தூக்கில் தொங்கிவிட்டார். இந்த அம்மாளையாவது காப்பாற்றியாக வேண்டும்.

“அம்மா, அவன் போலீஸே இல்ல” என்றாள் தணிந்த குரலில். “வீடியோவுல கைது பண்ண எந்தச் சட்டத்துலயும் இடமில்ல. கதவைத் திறங்க.”

அம்மாள் திரும்பவே இல்லை. ‘போ’ என்று கையை மட்டும் அசைத்தாள்.

“சார், கொஞ்சம் வெளிச்சத்துல உக்காருங்க சார். முகம் சரியாத் தெரியல” என்றாள் போனிடம்.

“பயத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு மேடம்” என்று முணுமுணுத்தார் கூட வந்த ஏட்டு. தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் தெறித்தது.

திரையில் இருந்தவனுக்கு ஒரு கண் வீங்கியிருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் ஒரு தடியின் நுனி தெரிந்தது.

“லத்தியெல்லாம் வெச்சு ஜோரா நாடகம் போடறீங்களேடா! உனக்குச் சட்டை மட்டும்தான் காக்கி. எனக்கு உத்தியோகமே காக்கி!” என்று திரையைப் பார்த்துச் சீறினாள் எஸ்.ஐ.

“ஐயோ, கட் பண்ணாதீங்க! பணம் போனாப் போகட்டும்!” அம்மாள் பாய்ந்து தடுப்பதற்குள் எஸ்.ஐ.யின் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

“தப்பிச்சீங்கம்மா. ஒரு பைசா போகல.”

அம்மாள் போனைப் பிடுங்கி அந்த எண்ணை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். மணியே அடிக்கவில்லை.

“பணம் வரலேன்னா அடிச்சே கொன்னுடுவானுங்க...”

“யாரும்மா? யாரை?”

“வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போய் அடைச்சு வெச்சிருக்கறவனுங்க. காக்கிச் சட்டையை மாட்டி உக்கார வெச்சிருந்தானுங்களே, என் பையனை!”