ஐந்து மணிக்குள் இரண்டு கையெழுத்து

"கம்யூனிசம் முடிஞ்சுபோன நாடா? அப்படியும் ஒரு நாடு இருக்காடி, ஜின்சி?"

மிக்கேல் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தபடி கேட்டார். வாசலில் நின்ற அவருடைய ஜீப்பின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்புக் கொடி தெரிந்தது.

"நெறைய இருக்கு மாமா. ஆட்சி மாறி, பாக்டரி மூடி, சனங்க ரெண்டாப் பிரிஞ்சுபோன ஊருங்க. அந்தச் சண்டைகளைப் பத்திப் படிக்கத்தான் மூணு வாரம் கோடைக்காலப் பள்ளி. பல நாட்டுல இருந்தும் வர்றாங்க."

"பாக்டரி மூடுன ஊரைப் பாக்கப் பிளேன் ஏறணுமாக்கும்? நம்ம பீர்மேட்டுல கதவைத் தொறந்தாப் போதாதா?"

அடுத்த வீட்டுப் படியில் இருந்த அவள் அப்பா சூசையப்பன், வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். ஆனால் இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

ஜின்சி இரண்டு படிகளுக்கும் நடுவில் நின்று பாரத்தை விரித்தாள். ஆங்கிலத்தில் ஐந்து கேள்விகள். அடியில் மை பரவிய ஒரு வட்ட சீல்.

"நம்ம ஊர்ச் சண்டை ஒண்ண எழுதணும். சண்டை போட்ட ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒரே பதில் சொல்லி, ஒரே தாள்ல கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பலைன்னா என் சீட்டு போயிரும்."

"கேளு," என்றார் மிக்கேல், ஜீப்பைப் பார்த்துக்கொண்டு.

"சண்டை எதுக்கு?"

எஸ்டேட் மூடியபோது தொழிலாளர்கள் தேயிலைக் காட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். இவர்கள் இருவர் பங்குக்கும் நடுவே ஒரு வரிசை நின்றது. அது யாருடையது என்று முடிவாகவில்லை. இருவருமே அதில் கொழுந்து கிள்ளவில்லை, யாரும் கவாத்து வெட்டவும் இல்லை. இப்போது அந்தச் செடிகள் மரங்களாகி, ஆள் உயரத்தைத் தாண்டி நின்றன.

"இருபத்திமூணு செடிக்கு," என்றார் மிக்கேல்.

"இருபத்தொண்ணு. ரெண்டு பட்டுப்போச்சுன்னு உங்க மாமாட்ட சொல்லு."

"பாக்டரிக்குள்ள உக்காந்து தேயிலை மூட்டைக்கு சீல் குத்துன மனுசனுக்குச் செடிக்கணக்கு எப்படித் தெரியுமாம்? கேளு உங்கப்பாட்ட!"

"ஞாயித்துக்கிழமை தோறும் அது வழியாத்தான் சர்ச்சுக்குப் போறேன். போறப்ப எண்ணுவேன்னு சொல்லு."

மிக்கேல் சட்டென்று திரும்பினார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டார். "நானும் எண்ணுவேன். சரி, இருபத்தொண்ணுன்னே எழுது."

"முதல்ல பேச்ச நிறுத்துனது யாரு?"

மிக்கேல் படியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார்.

"நாந்தான்," என்றார் சூசையப்பன்.

"இல்ல, ரெண்டு பேருன்னு எழுது," என்றார் மிக்கேல். "உங்கம்மா அடக்கத்தன்னிக்கு இந்த வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வரல. வந்திருக்கணும்."

ஜின்சிக்கு எழுத்து கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளையும் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

"ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போனா, அடுத்தவர் வண்டி குடுப்பாரா?"

போன மாதம் அப்பாவுக்கு இழுப்பு வந்தபோது பக்கத்திலேயே ஜீப் நின்றது. "அவன்ட்ட கேக்காத" என்று மூச்சுவிட முடியாமல் அப்பா சொன்னார். அவள் ஜங்ஷன் வரை ஓடி வேறு வண்டி பிடித்து வந்தாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

மிக்கேல் கேள்வியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"நடுச்சுவத்துல ஒரு தட்டுத் தட்டச் சொல்லு," என்றார். "அது போதும்."

சூசையப்பன் எழுந்தார். தன் படியிலிருந்து இறங்கி, எட்டே அடி நடந்து, மிக்கேலின் படியில் போய் உட்கார்ந்தார். தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, பேனாவை அவரிடம் நீட்டினார்.

ஜின்சி கடுங்காப்பி போட உள்ளே ஓடினாள். மூன்று தம்ளர் எடுத்து வைத்தாள். அடுப்பின் ஆவிக்கு அப்பால், அவள் போகப்போகும் நாட்டின் ஏதோ ஒரு தெருவில் மஞ்சள் நிற ட்ராம் வண்டி ஒன்று வந்து அவளுக்காக நின்றது. இன்றுதான் அவளால் பயமில்லாமல் அதில் ஏற முடிந்தது.

வெளியே, கையெழுத்துப் போடக் குனிந்த மிக்கேல் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"ஏய் சூசை! இது நம்ம மூடிப்போன பாக்டரி சீல்லா? அப்ப அந்த நாட்டுக்காரன் இப்படி ஒரு பாரமே கேக்கலையா?"

"இருவது வருசம் இந்தக் கையால குத்துன சீலு, எங்க வீட்டுப் பெட்டியிலதான் கெடந்துச்சு, பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு," என்றார் சூசையப்பன். "மெதுவாப் பேசு, கையெழுத்தைப் போடுடே, உள்ள பிள்ளைக்குக் கேட்டுறப் போகுது."