ரெண்டு வீட்டுக்காரி

மலாயாவில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பஞ்சாலை என்பவளும் கல்யாணமான அவளுடைய இரண்டு மகன்களும் தொழிலாளர் லயத்தின் ஒரே அறையில் முடங்கிக் கிடந்தார்கள். இன்னொரு வீடு கேட்டு நான்கு வருடம் கெஞ்சியும் மசியாத தோட்டத்துக் கணக்கர் கிராணி, சப்பான்காரன் காலத்தில் தானாகவே கூப்பிட்டார்.

“பக்கத்து வீட்டைப் பெரியவனுக்கு வச்சுக்க, பஞ்சாலை. அவன் பேரைப் பதிஞ்சிட்டேன்.”

அவள் அவர் காலிலேயே விழுந்தாள்.

“ரெண்டு வீட்டுக்காரி, எங்களை மறந்துறாதே!” என்று லயமே கேலி செய்தது.

மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க, கிராணி உத்தரவை வாசித்தார்: சயாம் ரயில்பாதை வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆண்.

“சின்னவன் போறானுங்கய்யா. பெரியவன் பொண்டாட்டி மாசமா இருக்கா.”

“ஒனக்குத்தான் ரெண்டு வீடாச்சே.”

“வீட்டைத் திரும்ப எடுத்துக்கங்கய்யா!”

“அதெப்படி? பதிஞ்சாச்சு.”

முந்தாநாள்வரை அந்த வீடு கிராணியின் மச்சான் பேரில் இருந்தது.