சுருக்கு

சிறைப் பட்டறையின் மேசைமேல் பதினொரு மண் பொம்மைகள் காய்ந்து, சூளையில் வெந்து, தயாராக நின்றன.

கொடியில் தொங்கியபடி தேனடை அறுப்பவன். கிழங்கு தோண்டுபவள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓடையில் மீன் அரிப்பவள். எல்லாம் ஒரு சாண் உயரம்.

செய்தவன் சுவரோரம் கைகட்டி நின்றான். உள்ளே எல்லோருக்கும் அவன் தேன்காரன். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். பூட்டிய கதவுக்குப் பின்னால் தூங்கப் பழக அவனுக்கு நாலு மாதம் பிடித்தது.

பொம்மைகளைக் கேட்டிருந்தது வனத்துறை. காட்டு மக்கள் அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்சிக்கூடத்தில் வைக்க வேண்டுமாம். பட்டறை வாத்தியார் இதைச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம்வரை அவன் அப்படித்தான் வாழ்ந்தான்.

சரிபார்க்க வந்த ரேஞ்சரை அவனுக்குத் தெரியும். அவனைப் பிடித்து உள்ளே தள்ளியவர் அவர்தான்.

ரேஞ்சர் அவன் பக்கம் திரும்பவில்லை. பொம்மைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று வாத்தியாரிடம் சொன்னார். கடைசிப் பொம்மையில் கை நின்றது. குந்தி உட்கார்ந்து சுருக்கு வைக்கும் ஆள். கையில் மெல்லிய நார் வளையம்.

"இதுல எந்த மான் வந்து மாட்டும்?"

அது காடைக்கு வைக்கிறது ஐயா என்று சொல்ல வாயெடுத்தான். வாசலில் நின்ற வார்டர் முறைத்தார். அடக்கிக்கொண்டான்.

ரேஞ்சர் நாரைப் பிய்த்துப் போட்டார். களிமண் அறுக்கும் கம்பியில் ஒரு துண்டு நறுக்கித் தரச் சொன்னார். வண்டி நாலு மணிக்கு வரும், வைக்கோல் திணித்துக் கட்டுங்கள் என்று வாத்தியாரிடம் பேசிக்கொண்டே இருந்தார். விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன. இரண்டு சுற்று, ஒரு வளையம். மிஞ்சிய நுனியைத் திருப்பி உள்ளே சொருகி ஒரு முறுக்கு. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பொம்மையின் கையில் மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

பிடிக்கவில்லையென்றால் பழையபடி நாரே போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் வாத்தியார்.

"வேணாம் சார். அவர் கட்டினது அப்படியே இருக்கட்டும். யாரும் பிரிச்சிடாதீங்க."

இலவச வக்கீலம்மா எப்போது வருவார் என்று வார்டரிடம் கேட்டான். அடுத்த மாதம் என்றார் வார்டர்.

வாத்தியார் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தார். கம்பிச் சுருக்கு வைக்கோலுக்குள் மறையும்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை.

அவன் சனத்தில் கம்பி முறுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்படி ஒரு முடிச்சை அவன் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான்.

நீதிமன்ற மேசையில், செத்த மானின் படத்துக்குப் பக்கத்தில், எண் ஒட்டிய உறைக்குள். அந்தச் சுருக்கை அவன் குடிசையிலிருந்து எடுத்ததாக ரேஞ்சர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்திருந்தார்.