மூன்றாவது டிரம்

பழைய பேட்டரிக் கணக்கைச் சரிபார்க்க வந்த ஆடிட்டர் அம்மா முதல் டிரம்மைக் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது நான் சேர்த்தது.

இரண்டாவதைத் தொடவில்லை. நேரே மூன்றாவது டிரம்முக்குப் போய், முழங்கை வரை கையை விட்டார்.

அது நான் சேர்த்ததில்லை.

பேட்டரி செய்து விற்கிறவனே, வீடுகளில் தீர்ந்துபோன பேட்டரியையும் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, எங்கள் ஆலையில் அந்தப் பொறுப்பு என் தலையில். அங்கே எனக்குப் பெயரே செத்த பேட்டரி அக்கா.

நானும் நாயாய் அலைந்தேன். கடை கடையாகப் பெட்டி வைத்தேன். போட்டார்களா? மிட்டாய்த் தாள், மூக்குச் சிந்தின காகிதம், ஒரு பெட்டியில் யாருடையதோ பல்செட். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். தீர்ந்துபோன ரிமோட் பேட்டரியைக் கேட்டால், என்னமோ அவர்கள் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முழித்தார்கள்.

வருஷம் முழுக்க அலைந்து சேர்ந்தது ஒரு டிரம். எங்களுக்கு விதித்தது ஐந்து.

“மீதிய நான் பாத்துக்கறேன். நீ கையெழுத்த மட்டும் போடும்மா,” என்றார் முதலாளி.

போட்டேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து, இயந்திரத்தை விட்டு அப்போதுதான் இறங்கிய புதுப் பேட்டரிகளைப் பின்கூடத்தில் நூறு டார்ச்சுகளில் போட்டு, பட்டப்பகலில் எரியவிட்டுத் தீர்த்தார்கள். மூன்று வாரம். அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் கண் கூசும். தீர்ந்ததை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, டிரம்மில் கொட்டினார்கள். ஊரெல்லாம் தேடி வாங்குவதைவிட, செய்து எரிப்பது மலிவாம்.

அடப்பாவிகளா என்று மனசுக்குள் சொன்னதோடு சரி.

ஐந்து டிரம்மும் வீடுகளிலிருந்து சேகரித்ததுதான் என்று உறுதி சொல்லும் தாளில் முதலாளி பெயர் எந்த மூலையிலும் இல்லை. மாட்டினால் வேலை போகும், வழக்கு என் பெயரில்தான் வரும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். இன்றைக்குப் பார்த்து அவருக்கு முதுகுவலி. வரவில்லை.

ஆடிட்டர் அம்மா அடியிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தார். முள் அசையவில்லை.

செத்தது செத்ததுதான். எனக்கு மூச்சு வந்தது.

திரும்ப உள்ளே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்தார். டீக்கறை போனதும் உள்ளிருந்து பளபளவென்று வந்தது. கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

“எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே. எந்த மாசம் செஞ்சதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

வாங்கினேன். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன்.

அடித்தகட்டில் குத்தியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு கடைக்குப் போய்ச் சேர நாளாகும், வாங்குகிறவன் கண்ணுக்குப் புதுசாகத் தெரிய வேண்டும் என்று, தயாரித்த மாதமாக எப்போதும் அடுத்த மாதத்தைத்தான் குத்துவோம். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். தேய்த்தவர்களுக்கும் அது உறைக்கவில்லை, ஊறப்போட்டவர்களுக்கும் உறைக்கவில்லை. மூன்று வாரம் பக்கத்திலேயே நின்ற எனக்கும் உறைக்கவில்லை.

ஏதோ ஒரு வீட்டில் எரிந்து தீர்ந்து, நான் கதவைத் தட்டி வாங்கி வந்ததாகச் சொல்லும் பேட்டரி, இன்னும் பிறக்காத மாதத்தில் செய்தது.

சொல்லிவிடலாம். முதலாளிதான் செய்தார், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று அழுதுவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மா அவசரப்படுத்தவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வயசானவர், பாவம், கண் தெரியவில்லை. சாமி புண்ணியத்தில் தப்பித்தேன் என்று தோன்றியது.

“போன வருஷம் மார்ச் மேடம்,” என்றேன்.

“மார்ச்,” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதினார். பேட்டரியை என் கையிலிருந்து வாங்கி, ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டினார்.

அப்புறம் எடை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். அதன் எண்ணையும் குறிக்க வேண்டுமாம். அந்த எண் கீழே ஒரு தகட்டில், எறும்பு ஊர்ந்த மாதிரி, பாதி அழிந்து கிடக்கும். நானே ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிப்பேன்.

உதவலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் அவர் நின்ற இடத்திலிருந்தே, பதினோரு இலக்கத்தையும் தங்குதடையில்லாமல் வாசித்து எழுதி முடித்துவிட்டார்.

பிறகு மார்ச் என்று எழுதியிருந்த தாளை என் பக்கம் திருப்பி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.