லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகள்

"லண்டனுக்குப் போனா, முதல் ஞாயித்துக்கிழமை வெள்ளைக் குதிரை பாக்கப் போறம்" என்றாள் உதயகுமாரி.

இந்திரகுமார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "என்ன குதிரை? ரேசோ?"

"இல்லையப்பா. மலையிலை கீறின குதிரை. புல்லை வெட்டி, சுண்ணாம்புக் கல்லை நிரப்பி, மூவாயிரம் வருசத்துக்கு முதல் கீறியிருக்கிறாங்கள்." நூலகத்துப் படப்புத்தகம் அவள் மடியில் விரிந்திருந்தது.

ஒஸ்லோவின் ரொம்மனில் நான்காம் மாடி வீடு. கீழே அயலவர்கள் முதுகுப்பையும் கம்பளிக் காலுறையுமாகக் காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒஸ்லோவே நடக்கும். அவர்கள் 'தூர்' என்று சொல்லும் அந்தக் காட்டு நடை இந்திரகுமாருக்கு ஆகாது. "தூர் போனியா?" என்று திங்கட்கிழமைகளில் வேலையிடத்தில் கேட்பார்கள் என்பதற்காகவே அவனுக்கு முழங்கால் நோ வரும்.

லண்டனில் அவனுடைய அண்ணர் சின்னராசா இருந்தார். அவருக்குப் பக்கத்து வீடு வாடகைக்கு வருகிறது. குடும்பத்தோடு போய்விடுவதா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லவேண்டும்.

"அண்ணர் குதிரையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. ஞாயித்துக்கிழமை கோயில், பிறகு கொத்துரொட்டி, பிறகு நித்திரை எண்டெல்லோ சொன்னவர்."

"அவர் பாக்காட்டி நாங்கள் பாக்கக் கூடாதோ? வருசா வருசம் சனம் முழங்காலிலை இருந்து, சுத்தியலாலை புதுச் சுண்ணாம்பு அடிச்சு இறுக்குதாம். ஆரும் போய்ச் சேரலாமாம். உங்களையும் சேத்துவிடுவம்."

"முழங்காலிலையோ?"

"அடுத்த கிழமை ரோமர் கட்டின மதில். ஒரு கடலிலை தொடங்கி மற்றக் கடலிலை முடியுது. முழுக்க நடக்கப் பாதை இருக்கு."

"அது லண்டனுக்குக் கிட்டவோ?"

"ஸ்கொட்லாந்துப் பக்கம். நீங்கள்தானே கார் ஓடப்போறியள். இடப்பக்கமா."

சோபாவிலிருந்து மகள் கம்சாயினி தலையைத் தூக்கினாள். "அப்பா, சீஸ் மலையும் இருக்கு. வட்டச் சீசை உருட்டிவிட்டிட்டு எல்லாரும் பின்னாலை ஓடுவினம். கால் கையெல்லாம் முறியும்."

"ஏன் ஓடுகினம்?"

"வெல்லுற ஆளுக்கு அந்தச் சீஸ்."

"கடையிலை வாங்கினா என்ன?"

உதயகுமாரி பக்கத்தைத் திருப்பினாள். "லண்டன் கோட்டையிலை அண்டங்காகம் வளக்கிறாங்கள். அதுகள் விட்டிட்டுப் போனா ராச்சியம் விழுந்துபோமாம். அதுக்காகச் செட்டையைக் கொஞ்சம் வெட்டி விட்டிருக்கினம்."

"அதுகளாவது ஒரு இடத்திலை இருக்குதுகள்" என்று இந்திரகுமார் பெருமூச்சு விட்டான். "உதயா, ஒரு ஞாயித்துக்கிழமை எண்டாலும் வீட்டிலை நிக்கேலாதோ?"

"வீட்டிலை நிக்கவோ லண்டன் போறம்? பண்ணைக் காணியளுக்குள்ளாலை நடக்கக்கூட சனத்துக்கு உரிமை இருக்காம். மாடு நிக்குமாம். பயப்பிடாமல் நடக்கவேணுமாம்."

இந்திரகுமார் எழுந்துபோய் ரெலிபோன் கார்ட்டைத் தேடி எடுத்து அண்ணரை அழைத்தான்.

"அண்ணை, நாங்கள் வரேல்லை. வீட்டை வேற ஆருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ… இல்லையண்ணை, அவளுக்கு நல்ல விருப்பம். எனக்குத்தான் ஏலாது. உங்கடை நாட்டிலை சரியான நடை."

அவன் திரும்பி வந்தபோது உதயகுமாரி முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள்.

"உங்களோடை எங்கையும் போகேலாது."

"கோவிக்காதையும் உதயா. இரும், நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அவன் குசினிக்குள் போனதும் அவள் கைபேசியோடு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தான் தற்காலிகமாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் மக்டலீனை அழைத்தாள்.

"மக்டலீன், அந்த நிரந்தர வேலையை வேற ஒருத்தருக்கும் குடுத்திடாதையும், நாளைக்கே வந்து கையெழுத்து வைக்கிறன்" என்றாள் நொர்வேஜிய மொழியில். "இல்லையில்லை, இனி எங்கையும் போகமாட்டம். இவரின்ரை தங்கச்சி ஒராள் கனடாவிலை இருக்கிறாதான், ஆனா அங்கை நடக்க இன்னும் கூட இடம் இருக்கு."