நாற்பது சாப்பாடு குறைவு

இரண்டாவது குத்திலேயே சமையல்காரரின் முன்பல் தெறித்து என் கீபோர்டு மேல் விழுந்தது.

கைக்குட்டையால் எடுத்து ஓரமாக வைத்தேன். வேறென்ன செய்ய? விசாரணையில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் டைப் செய்ய ஓர் ஆள் உட்கார வேண்டும் என்பது விதி. அந்தப் பாழாய்ப்போன ஆள் நான்.

“யார்கிட்டடா சொன்ன?”

காலையிலிருந்து அதிகாரி கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் முகாமிலிருந்து நாற்பது வீரர்கள் ரகசியமாகக் கிளம்பினார்கள். பாலத்தில் லாரியோடு வெடித்துச் சிதறினார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவர்கள் கிளம்பும் நேரம் முன்கூட்டியே தெரிந்தது மேலிடத்துக்கும், நாற்பது பேருக்குச் சமைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட சமையலறைக்கும்தான்.

ஒருவரிடம் சொன்னேன் என்று முதல் அடியிலேயே சமையல்காரர் ஒப்புக்கொண்டார். யாரிடம் என்பதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் சட்டத்தில் ஒரே தண்டனை. தூக்கு.

செத்த நாற்பதில் ஒருவன் அதிகாரியின் மகன். ஒரே மகன். அவரை இந்த விசாரணையில் போட்டிருக்கவே கூடாது. கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனால் அவர் பெல்ட்டைக் கழற்றியபோது நான் தடுக்கவில்லை. போடு இன்னும் நாலு என்றுதான் என் மனசும் சொன்னது.

சமையல்காரர் என்னைக் காட்டினார். “அவரை வெளிய அனுப்புங்க சார். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.”

“என்கிட்டயே பேரம் பேசுறியா?”

பெல்ட்டின் பக்கிள் கன்னத்தைக் கிழித்தது. பிறகு விரல்களை உடைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் பிடித்தபோது சமையல்காரர் அலறினார்.

“உங்க வீட்டம்மாகிட்டதான் சார்! செவ்வாய்க்கிழமை தம்பிக்குப் பிறந்தநாளு, மதியத்துக்குச் சாப்பாடு கொண்டு வரட்டுமான்னு பின்வாசல்ல வந்து கேட்டாங்க. வேணாம்மா, அவங்க நாற்பது பேரும் மதியமே கிளம்புறாங்கன்னு சொல்லிட்டேன். பெத்தவங்களாச்சே சார்... அவங்க யார்கிட்ட சொன்னாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

என் விரல்கள் பழக்கத்தில் அத்தனையையும் அடித்து முடித்திருந்தன. கடவுளே, அழிக்கவும் கை வரவில்லை.

அதிகாரி அப்படியே நின்றார். பெல்ட் நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. வெறுங்கையாலேயே பாய்ந்தார்.

“பொய்னு சொல்லுடா! பொய்னு சொல்லு!”

“பொய்தான் சார்” என்றார் சமையல்காரர், உடனே.

அடி நிற்கவில்லை.