முத்திரை இருக்கிற பக்கம்

யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷன் மேஜைமேல் ஒரு சவரக்கத்தி. அவள் பையிலிருந்து எடுத்தது. மடங்காத கத்தி. பிடியில் பிரம்பு நார் சுற்றியிருந்தது.

ஜப்பானில், நாகோயாவில் நாலு வருஷம் அவள் கல்யாணப் பெண்களின் முகத்தில் பூனைமுடி மழித்த கத்தி. ஈரோட்டுப் பார்லரிலும் அதே வேலை, அதே கத்தி.

திங்கட்கிழமை வேலையை விட்டாள். சொந்தக் கடைக்குப் போர்டு எழுதக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை திருட்டுப் புகார்.

"பார்லர் கத்திங்க மேடம். நானே ஜப்பான்ல இருந்து வரவழைச்சது" என்றாள் பார்லர் முதலாளி சுகந்தா. "முழுக்க ஒரே ஸ்டீல். அசல்."

பெண் எஸ்.ஐ. இவள் பக்கம் திரும்பினார். "பில் இருக்காம்மா?"

"இல்லைங்க. அவங்ககிட்டயும் இருக்காது."

"பாத்தீங்களா மேடம், வாய மட்டும் பாருங்க."

எஃப்.ஐ.ஆர். விழுந்தால் கடை திறக்குமுன்பே மூடின மாதிரி. திருட்டுக் கேஸ்காரியிடம் எந்தப் பெண் முகத்தைக் கொடுப்பாள்?

எஸ்.ஐ.யின் பாலில்லாத கட்டன் டீக்குப் பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம்.

கேட்காமல் எடுத்தாள். கத்திமேல் பிழிந்தாள்.

"ஐயோ மேடம், கெடுக்கறா."

"என் கத்தி. கெட்டா நான் தீட்டிக்கறேன்."

மின்விசிறி சுற்றியது.

புளிப்புப் பட்ட இரும்பில் மெதுவாக ஒரு கோடு எழும்பி வந்தது.

கோட்டுக்கு மேலே மங்கல். கீழே, விளிம்பையொட்டி, வேறு நிறத்தில் ஒரு பட்டை.

"மேல மெத்து இரும்பு. விளிம்புல கெட்டி எஃகு. உலையில போட்டு அடிச்சு ஒட்டினதுங்க. ஒரே ஸ்டீல் இல்ல."

சுகந்தா அசரவில்லை. "அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம். ரெண்டு ஸ்டீல்."

அவள் கத்தியைத் துடைத்தாள். பிடியைச் சுகந்தாவிடம் நீட்டினாள்.

"மழிக்கற மாதிரி பிடிங்கக்கா. செஞ்சவர் முத்திரை குத்தின பக்கம் தோல்ல படணும். அதுக்குன்னே தீட்டின பக்கம்."

சுகந்தா கத்தியைக் கன்னத்தருகே கொண்டுபோனாள். முத்திரை வெளியே தெரிந்தது.

புரட்டினாள். முத்திரை உள்ளே போனது. விளிம்பு வானத்தைப் பார்த்தது.

மணிக்கட்டை முறுக்கினாள். மறுபடி புரட்டினாள்.

"ஜப்பான் கத்திங்க மேடம். அப்படித்தான் இருக்கும்."

"பிடிக்கவே முடியாத மாதிரியா?" என்றார் எஸ்.ஐ.

வெள்ளைத்தாள் ஒன்றை இவள் பக்கம் தள்ளினார். "நீ சொல்றத எழுதிக் குடும்மா."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். எழுத ஆரம்பித்தாள்.

எஸ்.ஐ. எழுதுகிற அவளுடைய இடக்கையைப் பார்த்தார்.

பிறகு, கத்தியை இன்னும் புரட்டிக்கொண்டிருந்த சுகந்தாவின் வலக்கையை.